வேஸ்ட்காரன் வராத நாலு நாள்

இடது கால் வீங்கிக் கிடந்தது.
ரத்தம் உறைந்திருக்குமோ என்று
ஊசி குத்தி எடுத்துப் போனார்கள்.
சாயங்காலம் வந்த தாளில்
டி-டைமர் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு.
இருக்க வேண்டியதைப் போல ஒன்பது மடங்கு.

டாக்டர் கனகவல்லி ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தார்.
"கால்ல அடைப்பு ஒண்ணுமில்லீங்க.
உறைஞ்சதை உடம்பு வெட்டிப் போட்ட துணுக்குக இது.
எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் மிதக்கும்.
அள்ளிட்டுப் போறது கல்லீரல்.
உங்களுது…"
முடிக்கவில்லை.

ராயபுரத்தில் பதினாறு வருசம் கட்டிங் மாஸ்டர் நான்.
ஷிப்மெண்ட் ஏறும்போதெல்லாம் ஒரு குவார்ட்டர்.
போன தையில், மகன் கல்யாணமென்று
சென்னியப்பன் நாலு நாள் டெம்போ கொண்டுவரவில்லை.
பனியன் வேஸ்ட் இடுப்புயரம்.
ஓனர் எட்டிப் பார்த்து,
"ஏனுங் மாஸ்டர், இத்தனையா வெட்டித் தள்ளுனீங்க?"

எப்போதும் போலத்தான் வெட்டினோம்.
வாரத்தான் ஆளில்லை.

இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு,
"நூல் அனுப்புறதும் அதே ஆளுதானுங்க" என்றார்.
உறையவைக்கும் புரதத்தையும்
அதுதான் செய்கிறதாம்.

பல் தேய்த்தால் வாயெல்லாம் சிவப்பாவது
இதனால்தானா என்று கேட்பதற்குள்
பக்கத்துக் கட்டிலில் டிரிப் மெஷின் கத்தியது,
போய்விட்டார்.

சென்னியப்பன் ஐந்தாம் நாள் வந்தான்,
காங்கயத்துப் பலகாரப் பொட்டலத்தோடு.
இரண்டே நடை. தரை தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஊத்துக்குளி ரோடு.
ஒவ்வொரு டெம்போ சத்தத்துக்கும்
தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.