இரண்டாம் பருவச் சுற்றறிக்கை

ஐப்பசியில் ஏற்காட்டுக் கரும்பலகை
வியர்த்துக்கொண்டே இருக்கும்.
சுண்ணக்கட்டியை எவ்வளவு அழுத்தினாலும்
'இரண்டாம் பருவம்' என்பதில்
'பருவம்' மட்டும்தான் ஒட்டுகிறது.
"தாளிலேயே எழுதிடு பிலோமி,
உன் எழுத்துதான் குண்டாயிருக்கும்"
என்று சொல்லிவிட்டு
சாவிக்கொத்தோடு நடந்தார் சிஸ்டர் அமலோற்பவம்.

எழுதினேன்.

செபமாலை மாதம் முடிகிறவரை
தினம் ஒரு வகுப்பு கெபிக்குப் பூ கொண்டுவர வேண்டும்.
கடைப்பூ வேண்டாம், வேலியோரத்தது போதும்.
(போன வருஷம் ஒருத்தி
பூக்கோசு கொண்டுவந்தாள்.
"இதுவும் பூதானே டீச்சர்."
அன்று முழுக்க மாதா காலடியில் இருந்தது.
மறுநாள் சத்துணவுச் செங்கமலம்
சாம்பாரில் போட்டாள்.)

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.
அரைநாள் பள்ளி.
மெழுகுதிரியைப் பையில் வைக்கும்போது
புத்தகத்தின் மேல் படுக்கவைக்காதீர்கள்.

பதினான்கு, மாறுவேடப் போட்டி.
கோட்டில் ரோஜா குத்தியவர்கள்
வகுப்புக்கு இரண்டு பேர் போதும்.

டிசம்பர் முதல் வாரம் குடில்.
பாசியும் சில்வர் ஓக் சருகும்
மஞ்சக்குட்டைப் பிள்ளைகள்.
வைக்கோல் வாழவந்திப் பிள்ளைகள்.
ஆடுகள் நம்மிடம் நான்கு உண்டு,
ஒன்றுக்குக் காதில்லை,
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வோம்.

நாடகத்தில்
சூசையப்பர் வெள்ளையன்,
சம்மனசு ஹசீனா.
மாதாவாக ஜெசிந்தா, இருமல் நின்றால்.
ஏரோது யார் என்று கேட்டபோதுதான்
ஏழு கைகள் உயர்ந்தன.
வாள் இருக்கிறதாம்.

பெற்றோர் கூட்டம்
நவம்பர் கடைசி வெள்ளி, காலை பத்து மணி.
'அவசியம்' என்பதன் அடியில்
இரண்டு கோடு போட்டேன்.

கிழித்துக் கொடுக்கும் துண்டுச்சீட்டுகள்
மூன்றாம் நாள் திரும்பி வந்தன.
சில ஈரமாய், சில நான்காய் மடித்து,
ஒன்றில் பெருவிரல் ரேகை
பாதி மட்டும்.
சடையனுடையதில் கையொப்பம் இருந்தது:
குப்பயி.

"யாருடா போட்டது?"
"அம்மாதான் டீச்சர்."
"அம்மாவுக்கு எழுதத் தெரியுமா?"
"கை மட்டும் என்னுது.
அவங்க சொல்லச் சொல்லத்தான் போட்டேன்."
கொஞ்ச நேரம்
தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அன்னிக்கு வர மாட்டாங்க டீச்சர்.
அப்போ பழம் செவந்துடும்."

அவனைத் தவிர இன்னும் பதினாறு சீட்டு.
மேல்முடி எஸ்டேட்டில்
காப்பிப்பழம் கிலோக் கணக்கு.
பத்து மணிக்கு வா என்றால்
அரைக்கூடையை விட்டுவிட்டு வா என்று பொருள்.
இரண்டு கோடு போட்ட கை
எனக்கே கூசியது.

சிஸ்டரிடம் போனேன்.
"தேதி கொடுத்தாச்சே பிலோமி,
சாமியாரும் வர்றேன்னுட்டாரே."
ஜன்னலுக்கு வெளியே
கொடிமரம் பாதி வரை தெரிந்தது,
மேலே மூடுபனி.
சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி நின்றது.
"எடை எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

ஆகவே, மறு சுற்றறிக்கை.
பெற்றோர் கூட்டம் அதே வெள்ளி,
மேல்முடிக் காப்பிக்களத்தில்,
எடை போட்டு முடிந்த பிறகு.
நாற்காலி கிடையாது.
சாமியாருக்கும் கிடையாது,
காலிச் சாக்கு உண்டு.
தேநீர் செங்கமலம் பொறுப்பு.
பழக்கறை பட்ட கையோடு வரலாம்,
மதிப்பெண் அட்டைக்கு அட்டை போட்டிருக்கிறோம்.

குப்பாயியின் சீட்டை எடுத்தேன்.
ஒருவர் கையொப்பத்தைத் திருத்தலாமா
என்று எனக்குத் தெரியாது.
சிவப்பு மையில்
ஒரு துணைக்கால் மட்டும் சேர்த்துவிட்டு
மதிப்பெண் எதுவும் குறைக்காமல்
கட்டில் வைத்துக் கட்டினேன்.

பிறகு நினைவு வந்து
தாளின் அடியில் ஒரு வரி:
இருட்டிவிடும்.
வீட்டில் டார்ச் இருந்தால்
கொண்டுவரவும்.