மூச்சு எடுக்கக் கூடாத இடம்

வியாழன் ஒத்திகை. ஹெரிஃபோர்டில் மழை.
வந்திருந்த ஒரே பாஸ் குரல் கெதின்.

'சுஸ்பிரோ'. பெருமூச்சு விடுகிறேன்.
லத்தீன் சொல்லை நடுவில் அறுத்து
அரை மாத்திரை வெறுமை வைத்திருக்கிறார்
நானூறு வருஷத்துக்கு முந்தைய யாரோ.
சுஸ்... பிரோ.
முதல் வாரம் எனக்குப் பீரோ என்றே கேட்டது.

"அங்கே மூச்சு எடுக்காதே," என்றாள் வினிஃப்ரெட்.
"அந்த மூச்சு சொல்லுடையது."

அடுத்த பக்கம் மண்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் சுரங்கள்
நிலவறைப் படிகளாய்க் கீழே போகின்றன.
கெதின் ஏழு படி இறங்கினான்.
எட்டாவதில் வாய் திறந்திருந்தது,
சத்தம் வரவில்லை.
போன மாதம்தான் தம்பியை...

வினிஃப்ரெட்டின் கை நிற்கவில்லை.
மிச்சம் நாலு குரல்
தரை இல்லாமல்
கடைசி வரி வரை பாடினோம்.