மூச்சு விடாமல்

சாரெமா தீவு. மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை.
வியாழக்கிழமைதோறும் ஒத்திகை.
எத்தனை சோப்பு போட்டாலும்
கையில் ஹெர்ரிங் வாடை போகாது,
பால்டிக் கடலே விரலிடுக்கில் குடியிருக்கும்.

இருபத்து மூன்று பேர்.
கார்பன் நகல்களில் கடைசி நகல் எனக்கு.
அதில் சுரங்கள் ஈ மொய்த்த மாதிரி.

அர்வெத் பகலில் தபால் முத்திரை குத்துபவன்.
தாளம் போடும் கையும் அப்படித்தான் இறங்கும்.
அவன் சொன்னான்:
நீண்ட சுரத்தில்
எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்காதீர்கள்.
பக்கத்திலிருப்பவள் வாங்கும்போது நீ தாங்கு.
நீ வாங்கும்போது அவள்.

என் இடப்பக்கம் மைமு.
மூச்சிழுக்கும்போது அவள் மூக்கில்
மெல்லிய விசில் ஒன்று கேட்கும்.
அது அடங்கினால் என் முறை.

மார்ச் மாதத்து இரவொன்றில் லாரி வந்தது.
விடிந்தபோது அவள் பசு மட்டும்
கறக்க ஆளில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.
இதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்றார்கள்.
விடவில்லை.

அந்த வியாழன்
அவள் இடத்தை அடைக்காமல் நின்றோம்,
ஓர் ஆள் அகலம்.
நீண்ட சுரம் வந்தது. விசில் இல்லை.
எப்போது வாங்குவதென்று தெரியாமல்
கண் இருட்டும்வரை பிடித்திருந்தேன்.
அப்புறம் இடைவெளிக்கு அந்தப் பக்கமிருந்து
வில்மா தாங்கினாள்.

பட்டியலை அதிகாரி சரிபார்ப்பார்.
பதினொரு பாட்டு,
சொல்லுக்குச் சொல் அடியில் பென்சில் கோடு.
அணை பற்றி ஒன்று, டிராக்டர் பற்றி ஒன்று.
பாடினோம். ஏன் பொய் சொல்ல வேண்டும்,
டிராக்டர் பாட்டின் மெட்டு நன்றாகத்தான் இருந்தது.
அதில் 'வயல்' என்ற சொல்
பதினாறு எண்ணிக்கை நீளும்.
அங்கே அவளை வைத்திருந்தோம்.
மூச்சுக்கு அடியில் யார் கோடு போடுவது?

எட்டு வருடம் கழித்து வந்தாள்.
பாதிப் பல் இல்லை.
கோட்டு வேறு யாருடையதோ,
கைகள் அதற்குள் காணாமல் போயிருந்தன.
யாரும் கூப்பிடவில்லை.
நேராக வந்து அந்த இடைவெளியில் நின்றாள்.

வாய் திறந்தாள். வெறும் காற்று.
அர்வெத்தின் கை
இறங்காமல் ஒரு கணம் மேலேயே நின்றது,
பிறகு குத்தியது.
அணை போனது, ஆறு போனது,
வயல் வந்தது.

என் இடப்பக்கம்
விசில்.

அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள்,
பதினாறும் வாங்கினாள்.
இருபத்திரண்டு பேர் தாங்கினோம்.
சுரம் எங்கும் அறுபடவில்லை.

பாட்டு முடிந்ததும்
கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:
என் பசு யாரிடம் இருக்கிறது?