ஏழு பாகை

வாங்கிய மைதானத்தில் சின்னதாகத்தான் தெரிந்தது.
வானம் கூரையாக இருக்கும் இடத்தில்
எந்த மரமும் சின்னதுதான்.
வலைக்குள் திணித்துக் கொடுத்தார்கள்.
நோர்ஷெப்பிங் டிராமின் கடைசிப் பெட்டியில்
எலோஃப் தலையையும் நான் அடியையும் பிடித்துக்கொண்டோம்.
நடுவில் உட்கார்ந்திருந்தவர்
கிளை குத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடி. மின்தூக்கியில் குறுக்காக.
வலையை அறுத்ததும்
அடக்கிவைத்த மூச்சை விட்டதுபோல்
பாதி அறையை எடுத்துக்கொண்டது.
ஒரு சாண் அதிகம்.
ரொட்டிக் கத்தியில் தொடங்கி
கீழ்வீட்டு பால்ம்க்விஸ்ட் அம்மாளின் ரம்பத்தில் முடித்தேன்.

இரும்புத் தாங்கிக்குத் திருகு மூன்று.
ஒன்றுக்கு மரை கழன்றுவிட்டது.
அந்தப் பட்டம் எனக்கும் உண்டு,
நவம்பரில் பெட்டியோடு படியிறங்கும்போது
ஹோகன் கொடுத்தது.
அந்தத் திருகை எப்படி இறுக்குவது என்பது
பதினோரு வருடம் அவன் வேலை.
கேட்டிருக்கலாம். ஃபோன் கையில்தான் இருந்தது.

மரம் ஜன்னல் பக்கம் சாய்ந்தது.
எலோஃப் பாகைமானி கொண்டுவந்து
தரையில் கன்னம் வைத்து அளந்தான்.
"ஏழு பாகை, அம்மா.
பைசா கோபுரமே நாலுதான்."
அவன் அப்பா மறந்துவிட்டுப் போன தூண்டில் பெட்டியில்
பைக் மீனுக்கான நரம்பு, முப்பது கிலோ தாங்கும்.
மூன்று சுற்றுச் சுற்றி ஹீட்டர் குழாயில் கட்டினோம்.
மிச்சமிருந்த ஆறேழு மீட்டரை அறுக்க மனமில்லை,
சுருட்டிக் குழாய்க்குப் பின்னால் செருகினேன்.
தள்ளி நின்று பார்த்தால்
மரம் தானாக நிற்கிறது.

முதல் நாளே இரண்டு லிட்டர் குடித்தது.
வேர் போனது அதற்கு இன்னும் தெரியாது.
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
கிளைக்கடியில் ஊர்ந்து குவளையைச் சரிப்பேன்.
பிசின் வாசனை, கழுத்தில் ஊசிகள்,
இருட்டில் யாரோ விழித்திருக்கிற மாதிரி
அந்தக் களகள.

மூன்றாம் நாள் ஒரு சிலந்தி இறங்கி வந்தது.
காட்டில் உறைந்து தூங்கிப்போய்
எங்கள் ஹீட்டரை வசந்தம் என்று நம்பியது.
வெளியே மைனஸ் பதினான்கு.
அனுப்பக் கூடாதென்று எலோஃப் ஒற்றைக் காலில் நின்றான்.
மரமும் ஒற்றைக் காலில்தான் நின்றது.
ஒருத்தி எத்தனை பேரோடு வாதாடுவது?

இருபத்துநாலாம் தேதி ஹோகன் வந்தான்,
பரிசுப் பொட்டலத்தோடு, விருந்தாளிபோல் காலணி கழற்றி.
"சாய்ந்திருக்கே."
"தெரியும்."
குனிந்தான். கை திருகுவரை போய்
திரும்பி வந்து
மடியில் உட்கார்ந்தது.
காப்பி குடித்தான். போனான்.

ஜனவரி பதிமூன்று, க்னுத் நாள்.
மாடிப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து
கிளைகளில் தொங்கிய இஞ்சி பிஸ்கட்டையெல்லாம் தின்று தீர்த்தார்கள்.
பிறகு வழக்கம்போல பால்கனி.
கீழே ஆளில்லை என்று ஒருவன் கத்தினான்.
மூணு, ரெண்டு, ஒண்ணு,
விழுந்தது,
விழவில்லை.

நரம்பு!
ஹீட்டர் குழாய் வயிற்றுவலிக்காரன்போல் முனகியது.
இரண்டாம் மாடிச் சமையலறைக்கு முன்னால்
தலைகீழாக ஆடியது மரம்.
பால்ம்க்விஸ்ட் அம்மாள் ஜன்னலைத் திறந்து
அதை மேலும் கீழும் பார்த்தார்.
"உள்ளே வரச் சொல்லட்டுமா?"

நவம்பருக்குப் பிறகு
விலா வலிக்கச் சிரித்தது அன்றுதான்.
சிரிப்பு அடங்கும் முன்னே
அதே ரொட்டிக் கத்தியால் அறுத்துவிட்டேன்.
அறுபடும்போது சத்தமே இல்லை.
பனியில் விழுந்ததுதான் சத்தம்.

இப்போது மே.
துவைத்த காலுறையிலும் ஊசி குத்துகிறது.
தாங்கியைக் கழுவிக் கீழறையில் வைத்தாயிற்று,
மரை கழன்றபடியே.
குழாயில் அந்த முடிச்சு மட்டும் இருக்கிறது,
ஒரு முழ நரம்போடு.
சிலந்தி அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது,
அங்கிருந்து திரைக்கம்பிக்கு, திரைக்கம்பியிலிருந்து சுவருக்கு.
எது அவன் விட்டுப்போனது, எது அது நூற்றது என்று
தூசு தட்டும்போது
கொஞ்சம் பார்த்துத்தான் தட்டவேண்டியிருக்கிறது.