எந்தப் பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்ததால்
மனு பத்து நிமிடம் தாமதமாக வந்தது.
கூடவே பதினேழு பேர்.
கிளை நூலகத்தில் நாற்காலிகள் ஒன்பது.
உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

தேசப்பன் வாசித்தார்.
மூன்று கண்டெய்னர் லாரிக்குச் சொந்தக்காரர்.
பள்ளிக்கூடத்துக்கு அவர் வாங்கித் தந்த ஃபேனில்
ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர்.
சுற்றும்போது மட்டும் படிக்க முடியாது.

'பிள்ளைகள் பெற்றோரை மதிக்காமல் போகத் தூண்டும் நூல்.
பக்கம் 61, 62. மேலும் 104.
பள்ளி அலமாரியிலிருந்து எடுத்தாகிவிட்டது.
இங்கிருந்தும் எடுக்குமாறு
பணிவுடன் வேண்டுகிறோம்.'
கீழே நாற்பத்தொரு கையெழுத்து,
இரண்டு கைநாட்டு.

உங்களில் யார் இதைப் படித்தீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
அந்த வாக்கியம்
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்,
மணிக்கூண்டு தாண்டிய பிறகுதான்
முழுசாக வந்து சேர்ந்தது.
ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம்.
"மேலிடத்துக்கு அனுப்புறேன் சார்" என்றேன்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகும்
ஒருத்தி நின்றிருந்தாள்.
ரோஸ்லின்.
காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள்.
கட்டைவிரலில் மசி,
மசிக்கு அடியில் பழைய வெட்டுக்காயம்.

"பஸ் நம்பருதான் பட்ப்பேன் மேடம்.
இன்னாதான் எய்திக்கீது அதுல?
ஒருக்கா பட்ச்சிக் காட்டு."

கரண்ட் இல்லை. ஜன்னலோரம் நின்று படித்தேன்.
ஒரு சிறுமி கட்டிலுக்கு அடியில் படுத்தபடி
சத்தத்தை எண்ணுகிறாள்.
எட்டில் நிற்கிறது.
விடிந்ததும் அம்மா முகத்தில் மஞ்சள் பற்று.
யாரும் கேட்காமலே சொல்கிறாள்,
குழாயடியில் வழுக்கிட்டேன் என்று.
பக்கம் திருப்பினேன்.
சிறுமி குழாயடிக்குப் போய்ப் பார்க்கிறாள்.
தண்ணீர் வந்து மூன்று நாள்.
சிமெண்ட் வெடித்துக் காய்ந்து கிடக்கிறது.

கீழே தண்ணி லாரி ஒன்று
பின்னால் எடுக்கும் மணியோசையோடு
நெடுநேரம் திரும்பிக்கொண்டிருந்தது.

"தண்ணி வராத நாளா?"
"ஆமா."
"அத்த யோசிக்காம வுட்டுட்டா பாரு
அந்தம்மா."

படிக்கட்டு வரை போனவள் திரும்பினாள்.
"அல்லாம் பொய்யின்னு சொல்லித்தான்
நாட்டு வெக்கச் சொன்னாங்க.
பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவட்டும் மேடம்.
எம் பொண்ணு ஆறாவது படிக்கிது.
எண்ணத் தெரியும் அதுக்கு.
எட்த்துடு."

நூற்று நான்கை நான் படிக்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.

அன்றைக்கே பதிவேட்டில்
20417க்கு நேராக 'பழுது' என்று எழுதினேன்.
காரணம்: கரையான்.
இந்த உப்புக் காற்றில்
இரும்பு அலமாரியே உதிர்கிறது.
கரையானை நான் கண்ணால் பார்த்ததில்லை.
புயல் வெள்ளத்தில் நனைந்து
ஒன்றோடொன்று ஒட்டிப்போன வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே
பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
சாவி பசை பாட்டிலுக்குப் பின்னால்.

சனிக்கிழமை ஜெர்லின் வந்தாள்.
யூனிஃபார்ம் இல்லை, ஆனால் பள்ளிக்கூட ரிப்பன்.
முதுகுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள்,
கம்பி வேலியில் குச்சியை ஓட்டுவதுபோல.
விரல் ஓரிடத்தில் உள்ளே போய் நின்றது.

"இங்க ஒன்னு இருந்துச்சே மேடம்."
"பழுதாயிடுச்சும்மா."
"எந்தப் பக்கம்?"

முப்பத்தொரு வருட சர்வீஸில்
இப்படி யாரும் கேட்டதில்லை.
கிழிந்ததா, நனைந்ததா என்பார்கள்.
சும்மா தலையாட்டிவிட்டு
வேறொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள்.
இவள் கை இன்னும் அந்த இடைவெளியில் இருந்தது,
யாருக்கோ இடம் பிடித்து வைத்தாற்போல்.

"நூத்தி மூணு வரைக்கும் படிச்சிட்டேன்.
நூத்தி நாலு இருக்கா?"

பசை பாட்டிலை நகர்த்தினேன்.
எந்தப் பக்கமாக என்பதை
எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை.