எட்டு

கோலாலம்பூரில் இருபத்தோரு பாடம் முடித்திருந்தேன்.
பினாங்கு எட்டை ஏற்றுக்கொண்டது.
மீதிப் பதின்மூன்றின் மேல்
புவான் நொராய்னி நீல மையால் கோடிழுத்தார்,
வருத்தத்தோடுதான்.
மேசையிலிருந்த குவே டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

படிவத்தில் ஒரு கட்டம்: மாறுவதற்கான காரணம்.
இரண்டு வரிக்குத்தான் இடம்.

புள்ளியியல் அங்கே இல்லை, இங்கே இருக்கிறது
என்று எழுதினேன். பொய்யில்லை.
அப்பாவிடம் சொன்னதும் அதுதான்.
கிள்ளானில் லாரிக்கு அடியில் படுத்தபடியே கேட்டார்:
"அங்க எடம் கெடைக்காம எத்தன புள்ளைங்க அழுதுச்சு,
நீ ஏம்மா விடுற?"
வெளியே நீண்ட கையில் ஸ்பானரை வைத்தேன்.
"இது பதினாலு. பதிமூணு குடு."

எழுதாதது இது:
கணுக்கால் பிசகிய மார்ச்சிலிருந்து
கோச் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"பன்னிரண்டு நாற்பத்தொன்று எங்கே?" என்பார்.
அது என் தூரம், மீட்டரில்.
விடுதி அறை அந்தத் தூரத்துக்குக் கிடைத்தது.
சாப்பாட்டு அட்டையும்.
பதினொன்று எண்பதில் விழுந்த பெண்
தட்டோடு வரிசையில் நிற்கும்போது
பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டாள்.

விடுவிப்புக் கடிதத்துக்கு ஆறு வாரம்.
ஓராண்டு எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது
என்று அதில் ஒரு வரி.
கடைசி நாள் பங்சாரில் மழை.
தளவாட அறைச் சாவியை நீட்டினேன்.
"ஸ்பைக்ஸ்?"
"என்னோடது, கோச்."
தலையாட்டினார். பிறகு,
"கால் எப்படி இருக்கு?"
ஏழு மாதத்தில் முதல் தடவை.
நான் பதில் சொல்லவில்லை.
பஸ் ஈப்போவைத் தாண்டும் வரை
அந்தப் பதில் வாயிலேயே இருந்தது.

புதிய அறையில் ஹுவேய் மின்
என் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.
துர்காஷி. துர்கஷின். துர்காஷினி.
மார்க்கர் எடுத்துக் கதவில் எழுதிவிட்டு
"விளையாட்டு கோட்டாவா?" என்றாள்.
இல்லை என்றேன்.
இங்கே அது உண்மை.

ஆனாலும் ஆறாம் நாள் மாலை
பையின் அடியிலிருந்து டேப்பை எடுத்தேன்.
திடலில் யாருமில்லை.
மணல் குழியில் இரண்டு பூனைகள்,
தங்கள் காரியம் முடித்து, காலால் மூடிக்கொண்டிருந்தன.
மலாயில் இதற்கு மான் தாண்டல் என்று பெயர்.
மானுக்குத் தெரியாது
பலகைக்கு எத்தனை அடி முன்னால் புறப்பட வேண்டுமென்று.
எனக்குத் தெரியும்:
முப்பத்துமூன்று மீட்டர் நாற்பது,
பதினேழு எட்டு.
அதில் ஒன்றின் மேலும் யாரும் கோடிழுக்கவில்லை.

சுண்ணாம்பால் குறி வைத்தேன். ஓடினேன்.
பலகையைத் தாண்டி அரைச் செருப்பளவு மிதித்துவிட்டேன்.
கடற்காற்று முதுகைத் தள்ளுகிறது இந்த ஊரில்.
குறியைப் பின்னால் நகர்த்தினேன்.

இரண்டாம் தடவை
வலது, வலது, இடது,
பிறகு மணல், சட்டைக்குள்ளும் மணல்.
பூனைகள் எழுந்து போய்விட்டன.

அளக்கவில்லை.

சரி, அளந்தேன்.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல்
செருப்பை அதன் மேல் வைத்து.
எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்;
சொன்னால்
நீங்களும் அதைச் சொல்லியே கூப்பிடுவீர்கள்.