வியாழக்கிழமை வரை

ரீகாவில் நான்காம் மாடி. ஜன்னலுக்கு வெளியே
டிராம் கம்பிமேல் பனி.
தலையில் மாட்டிய ஒலிவாங்கிக்குள்
பகல் முழுக்க நான் கனிவாக இருக்கிறேன்.
கனிவுக்கென்று தனிப்படி கிடையாது.

இன்று திரையில்
ஸ்கைட்ரீதே வொனோகா, ஐம்பத்தெட்டு, ரெசெக்னெ.
இங்கிலாந்தில், ஸ்பால்டிங் வயல்களில், மூன்று பருவம்
டாஃபடில் மொட்டு ஒடித்தவள்.
அறைக்கு ஒரு ஹீட்டர், ஒரு மெத்தை, தவணையில்.
பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.

கடை அதை ஒரு கம்பெனிக்கு விற்றது.
கம்பெனி இன்னொன்றுக்கு, அது லக்ஸம்பர்கில் ஒன்றுக்கு,
சந்தை கலையும் நேரத்து மீன்கூடைபோல
கைமாறிக் கைமாறி எங்கள் மேசைக்கு.
மெத்தை இப்போது எங்கே கிடக்கிறதோ.
தொகை மட்டும் தூங்காமல் வளர்ந்து
ஆயிரத்து எழுநூறு.

கடிகாரங்களை எனக்குச் சொல்லித்தந்தது இந்த வேலைதான்.
ஜெர்மனியில் மூன்றாண்டு ஓடிய கடன்
டிசம்பர் கடைசி இரவு வாணவேடிக்கையோடு காலாவதி.
ஸ்காட்லாந்தில் ஐந்து, அதோடு கடனே செத்துவிடும்.
இங்கிலாந்தில் ஆறு. அங்கே கடன் சாகாது,
கோர்ட்டு வாசல்தான் சாத்திக்கொள்ளும்.
வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.
கடல் கடந்து வந்தாலும்
கையெழுத்துப் போட்ட ஊரின் கடிகாரமே
கூட வரும்.

ஸ்கைட்ரீதேயின் ஆறு
வரும் வியாழன் நள்ளிரவில் முடிகிறது.

"ஐந்து யூரோ வாங்கு" என்றாள் தைகா,
என் நாற்காலி முதுகில் கைவைத்து.
மேற்பார்வையாளர். கெட்டவள் இல்லை. இரண்டு பிள்ளைகள்.
ஐந்து யூரோ எதையும் அடைக்காது.
கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்.
ஆறு வருடமும் முதலிலிருந்து.

"நல்லெண்ணத்துக்கு ஒரு சிறு தொகை, அம்மா"
என்று தாளில் இருந்தபடி வாசித்தேன்.
தாளில் இல்லாதவை:
எழுத்தில் கேள் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.
யார் யாருக்கு விற்றான், காட்டு என்று சொல்லலாம்.
பேசாமல் போனை வைத்துவிடலாம்.
அவள் கேட்டால் நான் பொய் சொல்லக்கூடாது.
கேட்காதவரை என் வாய்க்குப் பூட்டு.

கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவளும் கடன்காரி.
நடுவில் கம்பியாய் நிற்கும் எனக்கு
என்ன பெயர்?

"அந்த ஹீட்டர் ஒரு வாரம்கூட எரியலை" என்றாள்.
அடுப்பில் ஏதோ மூடி தட்டிக்கொண்டு கொதித்தது.
"கடையில் போய்ச் சொன்னேன். என் இங்கிலீஷுக்குச் சிரித்தான்.
பனியில் கைவிரல் மடங்காது, தெரியுமா,
பூ விரிவதற்குள் ஒடிக்க வேண்டும், விரிந்தால் காசில்லை.
சரி விடு. ஐந்துதானே. கார்டை எடுத்து வருகிறேன்."

நாய் குரைத்தது. இழுப்பறை திறந்தது.
நான்கு எண்கள். நான்கு. நான்கு.
பதின்மூன்றாவதில் நின்றாள்.

"மூக்குக்கண்ணாடியைக் காணோம்.
இது மூன்றா எட்டா?
வெள்ளிக்கிழமை கூப்பிடேன், பெண்ணே."

இதற்கும் தாளில் பதில் இருக்கிறது:
பக்கத்து வீட்டில் யாரையாவது அழைக்கச் சொல்.
இரண்டு எண்ணையும் முயன்று பார்.
பார்வை அந்த வரிமேல்தான் இருந்தது.
தைகா காபி எடுக்கப் போயிருந்தாள்.

"சரி அம்மா" என்றேன்.
குறிப்பில் எழுதினேன்: ஒத்துழைக்கிறார். வெள்ளி.

தெரிந்து சொன்னாளா,
தெரியாமல் சொன்னாளா.
வியாழன் இரவு பன்னிரண்டுக்கு விழித்திருந்தேன்.
என் அறை ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளியன்று இரண்டு மணியோசை விட்டு
நானே வைத்துவிட்டேன்.
எடுக்கவில்லை என்று எழுதினேன்.

மாலை, கிளம்பும் நேரம், அவளே அழைத்தாள்.
"கண்ணாடி கிடைத்துவிட்டது, ரொட்டி டப்பாவில்.
எட்டுதான்" என்றாள்.

அப்புறம் அவளும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம்
கொதிக்கும் மூடியின் சத்தம்.